தட்டைப் பார்த்துச் சீறுகிற பூனை: பல் நோவா, முரசு வருத்தமா?

கொக்குவில் கோதை எழுதியது:

எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு ஏழு வயது, பெயர் கறுவல். இரண்டு கிழமையாக ஒரு புதுக் கூத்து. பசி என்று குசினி வாசலில் நின்று கத்துவான், அம்மா சோற்றோடு சூடை மீனைப் பிசைந்து வைத்தால் ஓடி வந்து ஒரு வாய் எடுப்பான், அடுத்த கணமே யாரோ அடித்த மாதிரித் தட்டைப் பார்த்துச் சீறிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவான், திரும்பவும் அதே கதை. மீன்தான் பழுது என்று நினைத்து அம்மா மீன்காரரோடு சண்டையும் பிடித்துவிட்டார், பாவம் அந்த மனுசன்.

பிறகுதான் வடிவாகக் கவனித்தேன். தலையைச் சரித்து வலது பக்கத்தால் மட்டும் மெல்லுகிறான். வாய் மணம் கிட்டப் போக விடாது. படுக்கிற இடத்தில் வீணீர். முந்தி நாள் முழுக்க நக்கிப் பளபளப்பாக வைத்திருந்த முதுகு மயிர் இப்போது திரைந்துபோய்க் கிடக்கிறது. நேற்று நித்திரையில் சொக்கையைத் தூக்கிப் பார்த்தேன்: மேல் கடைவாய்ப் பற்களில் மஞ்சள் காரை, பல்லும் முரசும் சேருகிற இடத்தில் சிவப்புக் கோடு.

அம்மம்மா கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் பனடோலில் கால்வாசியைப் பாலில் கரைத்துக் கொடுக்கட்டாம். நான் பிரஷ் வாங்கி விளக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். டொக்டரிடம் போனால் மயக்க மருந்து கொடுப்பார்கள், ஏழு வயதில் பூனை தாங்காது என்று பக்கத்து வீட்டு அன்ரி வேறு பயப்படுத்துகிறார். என்ன செய்யலாம்?

மருந்துக்கடைத் தம்பி எழுதியது:

அக்கா, மற்றதெல்லாம் பிறகு கதைப்போம். பனடோல் வேண்டாம். கால்வாசியும் வேண்டாம், ஒரு பொட்டும் வேண்டாம். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி மாதத்தில் இரண்டு தரமாவது வரும். எங்கள் ஈரல் பனடோலில் இருக்கிற பரசிற்றமோலை உடைத்து வெளியே தள்ளுகிற வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு, அதனால் அது நஞ்சாக மாறி இரத்தத்தைக் கெடுத்துவிடும், இரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டாது. முரசு மண்ணிறமாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி 125 மில்லிகிராம், நாலு கிலோப் பூனைக்கு உயிரை எடுக்க அது போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதை வாசிக்காமல் இப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நஞ்சை முறிக்கிற மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம்.

கராம்பு எண்ணெயும் அப்படித்தான். எங்கள் பல்லுக்கு நல்லது, அதில் இருக்கிற யூஜினோலைப் பூனையின் ஈரலால் சமாளிக்க ஏலாது. வீட்டில் கிடக்கிற வேறு நோக்குளிசைகளும் வேண்டாம். பூனைக்கென்று நோ மருந்து இருக்கிறது, அதை மிருக வைத்தியர் நிறை பார்த்துத் தரட்டும்.

சாவகச்சேரி அண்ணை எழுதியது:

தங்கச்சி, பசியோடு வந்து ஒரு வாயோடு சீறி ஓடுகிறது என்றீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வெள்ளைச்சி இதே மாதிரித்தான், நாங்கள் மூன்று மாதம் அவளைச் செல்லம் கூடிப்போன பூனை என்று ஏசிக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்று பாருங்கள்: மேல் அண்ணத்தில் குறுக்கே மீன் முள் இறுகியிருக்கிறதா? சூடை முள் சின்னது என்றாலும் விளைமீன், பாரைத் தலை ஏதாவது கொடுத்திருந்தால் நடக்கக்கூடியது. ஆனால் முள் என்றால் பெரும்பாலும் திடீரென்று தொடங்கும், காலால் வாயைப் பிறாண்டும். இரண்டு கிழமையாகக் கூடிக்கூடி வருகிறது, மணம், காரை என்றால் அது பல்தான்.

பூனைக்கு மனிதருக்கு இல்லாத அளவுக்கு அடிக்கடி வருகிற ஒரு வருத்தம் இருக்கிறது, பல் தானாகவே கரைந்து போவது. இனிப்புத் தின்று வருகிற சூத்தை இல்லை இது. குட்டியாக இருக்கும்போது பாற்பல்லின் வேரைக் கரைத்து விழுத்துகிற அதே வகைக் கலங்கள் வளர்ந்த பூனையின் நிலைப்பல்லையும் கரைக்கத் தொடங்குகின்றன. கரைந்த இடத்துக்குள் முரசுச் சதை ஏறி வளரும், வெளியே பார்த்தால் பல்லில் ஒரு சின்ன இளஞ்சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கூடுதலாகப் பிடிக்கிற இடம் கீழ்த்தாடையில் வேட்டைப்பல்லுக்குப் பின்னால் வருகிற முதல் கடைவாய்ப் பல். வைத்தியர் அந்த இடத்தை மெல்லத் தொட்டதும் வெள்ளைச்சியின் தாடை குளிரில் நடுங்குவது போலப் படபடவென்று அடித்தது, பார்க்க எனக்கே பல் கூசியது.

இதற்கு மருந்தும் இல்லை, அடைக்கவும் முடியாது. எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிறதுக்கு முன்னால் எக்ஸ்ரே தேவை, ஏனென்றால் பாதிப் பிரச்சினை முரசுக்குக் கீழே வேரில் இருக்கிறது. முதலில் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடமோ தனியாரிடமோ காட்டுங்கள். இங்கே எக்ஸ்ரே வசதி கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தரக் கேளுங்கள், போக முதல் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் பூனையோடு போவது லேசில்லை, நான் வவுனியாவில் இருந்தே காதைப் பொத்திக்கொண்டு போனேன்.

மயக்க மருந்துக்கு வருவோம். ஏழு வயது ஒரு வயதே இல்லை. முதலில் இரத்தம் எடுத்து சிறுநீரகமும் ஈரலும் எப்படி என்று பார்ப்பார்கள், அதுதான் முக்கியம். மயக்கம் இல்லாமல் காரையைச் சுரண்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், வெளியே பல் வெளுக்கும், கீழே சீழ் அப்படியே இருக்கும். நீங்களும் நகத்தால் சுரண்ட வேண்டாம்.

அதுவரைக்கும் பட்டினி போட வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு ஏறி அது வேறு வருத்தமாகிவிடும். அவித்த மீனை முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு கூழாகக் கரைத்து இளஞ்சூட்டில் வையுங்கள். உப்பு வேண்டாம். கறிக்குழம்பும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்துக்கு ஆகாது.

குளத்தடியான் எழுதியது:

எங்கள் ஆச்சி வீட்டில் ஆறேழு பூனை. மீன்தலை, கருவாடு, எலி. ஒருத்தரும் பல்லு விளக்கிவிடவில்லை, பேராதனைக்கும் போகவில்லை. இப்போது பூனைக்கும் பல் டொக்டராம், நடத்துங்கோ.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

குளத்தடியான் தம்பி, எங்கள் ஆச்சி வீட்டிலும் அப்படித்தான், அந்தப் பூனைகளில் எத்தனை பத்து வயதைக் கண்டது? ஒரு நாள் காணாமல் போகும், "எங்கேயோ போய்விட்டது" என்போம், அவ்வளவுதானே. பூனை நோவைக் காட்டாது. நாங்கள் வாயைத் திறந்து பார்க்கவும் இல்லை.

கோதை, இப்போது பிரஷைத் தொட வேண்டாம். நொந்த வாயில் தேய்த்தால் பிறகு ஆயுளுக்கும் கிட்ட விடாது. வைத்தியம் முடிந்து முரசு ஆறட்டும். பிறகு முதல் கிழமை விரலில் மீன் அவித்த தண்ணீர் தொட்டு நக்க விடுங்கள், அடுத்த கிழமை அதே விரலைச் சொக்கைக்குள் விட்டுப் பல்லின் வெளிப்பக்கத்தில் ஓட்டுங்கள், பிறகு விரலில் மெல்லிய துணி, அதற்குப் பிறகுதான் சின்னப் பிரஷ். உள்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை நாக்குப் பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் காணும். ஆனால் தினமும், குறைந்தது ஒன்றுவிட்ட ஒரு நாள். பல்லில் படிகிற பசை இரண்டொரு நாளிலேயே காரையாக இறுகத் தொடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்த்துப் பிரயோசனம் இல்லை.

எங்கள் பற்பசை வேண்டாம், புளோரைட்டும் நுரையும் இருக்கிறது, பூனைக்குத் துப்பத் தெரியாது. உமிக்கரியும் உப்பும் கூட வேண்டாம், அம்மம்மா கேட்பார் என்று முன்கூட்டியே சொல்கிறேன். கடையில் விற்கிற உலர் உணவு பல்லைச் சுத்தமாக்கும் என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம், சாதாரண உருண்டை பல் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும்.

கொக்குவில் கோதை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஆறு நாள் கழித்து வருகிறேன். அண்ணை சொன்ன அதே பல். இடது பக்கம், கீழே, வேட்டைப்பல்லுக்குப் பின்னால், சதை ஏறி மூடியிருக்கிறது. வைத்தியர் பஞ்சுக் குச்சியால் தொட்டதும் தாடை அடித்தது, நான் அழுதுவிட்டேன். இரத்தப் பரிசோதனை நல்லது, சிறுநீரகத்துக்குப் பிழை இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்து அதையும் இன்னும் தேவையானதையும் எடுக்கிறார்களாம். நோ மருந்து தந்தார், மூன்றாம் நாளே கூழை வழித்து நக்குகிறான். பல் போனால் எப்படித் தின்பான் என்று கேட்டேன், ஒரு பல்லும் இல்லாத பூனைகள் கூட நன்றாகச் சாப்பிடுகின்றன என்றார்.

இன்னொரு கூத்து, வாயைத் திறக்கப் பிடித்த அம்மாவின் பெருவிரலில் ஆழமாகக் கடித்துவிட்டான். சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டோம். கறுவலுக்கு விசர்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டச் சொன்னார்கள், வீட்டில் தேடினால் இல்லை. உங்களுடையதை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. என் தம்பி ஒரு பூனைக்குட்டி கொண்டு வந்திருக்கிறான், நாலு மாதம். நேற்றுப் பாயில் அரிசி மணி மாதிரி ஒரு பல் கிடந்தது. இதற்கும் அதே வருத்தமா?

சாவகச்சேரி அண்ணை எழுதியது:

இல்லையம்மா, அது பாற்பல். 26 விழும், ஆறு மாதமளவில் 30 முளைத்திருக்கும், பலதைக் குட்டியே விழுங்கிவிடும், உங்கள் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். புது வேட்டைப்பல் வந்த பிறகும் பழையது பக்கத்திலேயே நின்றால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள். முளைத்து முடிந்ததும் ஸ்காபரோ அக்கா சொன்ன விரல் வேலையை இவனில் தொடங்குங்கள், கறுவலை விட இவன் லேசில் பழகுவான்.

கொக்குவில் கோதை எழுதியது:

சரி அண்ணை. அந்தப் பல்லை எடுத்து வைக்கலாம் என்று தேடினேன், அம்மம்மா ஏற்கெனவே கூரைக்கு மேல் எறிந்துவிட்டாராம்.