புதுப்பிப்பு: கடல் உயிரியலுக்கு முன்னால் எதைப் படிப்பது?

கடல் உயிரியல் பட்டப்படிப்பில் சேரும் முன் உயிரியலை மட்டும் பலப்படுத்தினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேதியியலையும் புள்ளியியலையும் விடாதே என்று பலரும் சொன்னீர்கள். முழுக்க உண்மை.

பவளப்பாறையைப் படிக்க உட்கார்ந்தால் வேதியியலில்தான் போய் நிற்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கடலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அதனால், கூடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகள் குறைகின்றன. பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டத் திணறுகிறது. இந்தச் சங்கிலி புரிந்த பிறகு, கடல்நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சுமார் 8.1 என்பது எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

புள்ளியியலுக்காக 'ஆர்' நிரல்மொழியைத் தொடங்கிவிட்டேன். அப்புறம், ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் மூழ்குவது) இப்போதே கட்டாயமா என்று கேட்டவருக்கு: இல்லை. ஆய்வுக்கூடத்திலும் கணினியிலும் செய்யும் வேலையே நிறைய. நான் முதலில் நன்றாக நீந்தப் பழகுகிறேன்.