மெத்தை வாங்கி மாட்டிக்கிட்ட கதை: எட்டாயிரமா, நாற்பதாயிரமா?

பாக்ஸ்கட்டில்:
போன ஐப்பசியில் நடந்தது. அம்மா படுக்கிற நார் மெத்தை நடுவில் குழி விழுந்துபோச்சு. தம்பி எட்டாயிரத்துக்கு ஃபோம் போதும்னான். "அம்மாவுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பியா"ன்னு அவன் வாயை அடைச்சுட்டு நான்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள்ள), மேலே மெமரி ஃபோம் (உடம்பு வாகுக்கு அமுங்கிக் கொடுக்கிறது), 10 இஞ்ச், 41,000. கடைப்பையன் "படுத்துப் பாருங்கம்மா"ன்னு நாலு தடவை சொன்னான். ஆள் நடமாடுற இடத்தில் எங்கம்மா படுப்பாங்களா? முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு ஓரமா உட்கார்ந்து, உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டி, "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் எங்க சோதனை.

வீட்டுக் கட்டில் உயரம் 18 இஞ்ச். அதுமேல இது 10. முதல் நாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்காங்க, கால் தரையில் படலை. ரெண்டும் தொங்குது. இருட்டில் பெருவிரலால் தரையைத் துழாவிக்கிட்டிருந்தாங்க. "என்னம்மா?"ன்னா, "ஒண்ணுமில்லப்பா, நீ போய்ப் படு." இன்னிக்கு வரைக்கும் மெத்தையைப் பத்தி ஒரு குறை சொல்லலை. அதுதான் உறுத்துது.

அரிசிமண்டி:
நான் குறைஞ்ச விலைக்கு வாங்கி அடிபட்டவன். 78க்கு 60, 6 இஞ்ச் ஃபோம், "40 டென்சிட்டி சார், கல்லு மாதிரி"ன்னு 9,500க்குத் தள்ளிவிட்டாங்க. எட்டே மாசத்தில் என் இடுப்பு படுற இடம் தொட்டி. சந்தேகம் வந்து சுருட்டிக் கட்டி, நம்ம மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏத்தினேன். உறையோட 11 கிலோ 800. 40 டென்சிட்டின்னா கன மீட்டருக்கு 40 கிலோ. இந்த அளவு மெத்தை 0.46 கன மீட்டர், 18 கிலோவுக்கு மேல நிக்கணும். உறையைக் கழிச்சா 25 டென்சிட்டிகூடத் தேறாது. மூட்டை தூக்குற அண்ணன் பார்த்துட்டு, "என்ன முதலாளி, உமியா?"ன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கு.

நைட்ஷிப்ட்:
பாக்ஸ்கட்டில் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது மெத்தை மேல குத்தமில்லை, அளவெடுக்காம போனது உங்க குத்தம். கட்டில் காலை நாலு இஞ்ச் அறுத்துவிட்டா முடிஞ்சுது. என் கதை சின்னது: ரப்பர் போட்ட நார் மெத்தை, 12,000, ஏழு வருஷமா ஓடுது.

ஆனா ஒண்ணு ரெண்டு சொல்லணும். வயசானவங்களுக்கு வாங்கும்போது முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிங்க. கட்டிலும் மெத்தையும் சேர்ந்து அந்த உயரத்துக்கு ஒட்டி வரணும். ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்க, ஓரம் அமுங்குச்சுன்னா எழும்ப முடியாது. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில்தான் இளகும், சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மாசம் படுத்துப் பாருங்க, தெரியும். ஆசாரி செஞ்ச கட்டில்னா நீளம் 75 இஞ்சா 78 இஞ்சான்னு அளக்காம ஆர்டர் போடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் படுக்கிற மெத்தைன்னா மூணு மாசத்துக்கு ஒருதரம் தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்க. ஸ்பிரிங் மெத்தையை மாடிப்படியில் ரெண்டா மடிச்சு ஏத்தாதீங்க. அரிசிமண்டி அண்ணனுக்கும் ஒண்ணு: டென்சிட்டி வேற, கெட்டி வேற. "கல்லு மாதிரி"ன்னு சொன்னப்பவே உஷாராயிருக்கணும். எடை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம், ஃபோம் துண்டு துணுக்கை ஒட்டி அழுத்தின ரீபாண்டட் 40க்கு எவ்வளவோ மேல நிக்கும்.

அரிசிமண்டி:
தம்பி, நான் அதில் எட்டு மாசம் படுத்து எழுந்தவன். எனக்கே பாடமா?

மொட்டைமாடி:
ஏழு வருஷம் ஓடுதுன்னு சொல்றவர் தன் எடையையும் சொன்னா நல்லது. நான் 94 கிலோ.

என்னது 28,000, பத்து வருஷ வாரண்டி. மூணாம் வருஷம் பள்ளம். போன் பண்ணினா, ரெண்டு ஓரமும் நூல் இழுத்துக் கட்டி நடுவில் ஸ்கேல் நிறுத்தி போட்டோ அனுப்புங்கன்னாங்க. ராத்திரி பத்து மணிக்கு நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் நூலைப் பிடிச்சோம். பையன் ஸ்கேலைப் பிடிச்சான். 20 மில்லிமீட்டர். 25க்கு மேல இருந்தாத்தான் ஏத்துக்குவாங்களாம். அதுவும் போகட்டும், போட்டோவில் ஒரு மூலையில் பையன் சின்ன வயசில் நனைச்ச மஞ்சக் கறை தெளிவா விழுந்திருக்கு. "கறை இருந்தா வாரண்டி செல்லாது சார்." நாங்களே படம் பிடிச்சு நாங்களே அனுப்பினோம்.

போடிப்பக்கம்:
எல்லாரும் ஃபோமைப் பிடிச்சுத் தொங்குறீங்க. எங்க பாட்டி வீட்டில் இலவம்பஞ்சுதான். வருஷத்துக்கு ஒருக்கா மொட்டைமாடியில் காயப்போட்டா பூரி மாதிரி உப்பும். அந்த நினைப்பில் வெளியூரில் ஒரு கடையில் "அசல் இலவம்பஞ்சு"ன்னு 6,000 கொடுத்து வாங்கினேன். ஒரே மாசத்தில் கட்டி தட்டிப்போச்சு. தையலைப் பிரிச்சேன். சிவப்பு, நீலம், பச்சைன்னு நூல் நூலா வருது. பனியன் கழிவு! ஒரு இடத்தில் காலர் பட்டியே முழுசா இருந்துச்சு, சைஸ் நம்பரோட. 85.

பாக்ஸ்கட்டில்:
நைட்ஷிப்ட் தம்பி, பேரைப் பாருங்க. பாக்ஸ் கட்டில். அடியில் முழுக்க அண்டா குண்டா. அறுக்கக் கால் ஏது?

இப்ப அம்மா பழைய நார் மெத்தையைத் திருப்பிப் போட்டு ஹாலில் திவான் மேல படுக்கிறாங்க. 41,000 மெத்தையில் மச்சான் வந்தா படுப்பார். போன வாரம் வந்துட்டுப் போய், எங்கே வாங்கினீங்கன்னு விலாசம் கேட்கிறார். கொடுக்கவா வேண்டாமா?