எஸ்ஆர்க்யூ முதல் போர்டுக்கு மட்டும் வருகிறது, அப்புறம் வருவதில்லை

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம் தம்பி):
வணக்கம் அண்ணே. பினாங்கு பாயான் லெப்பாஸில் டெஸ்ட் லைனில் வேலை. ஒரே ஜிபிஐபி கேபிளில் (கருவிகளைக் கணினியோடு இணைப்பது) ஒரு மல்டிமீட்டர், ஒரு பவர் சப்ளை. புரோகிராம் பைத்தான். தொடக்கத்தில் *ஈஎஸ்ஈ 1, *எஸ்ஆர்ஈ 32 (வேலை முடிந்ததும் எஸ்ஆர்க்யூ, அதாவது கணினியைக் கூப்பிடும் சிக்னல், வரவேண்டும் என்று அமைக்கிற கட்டளைகள்). ஒவ்வொரு அளவீட்டுக்கும் கடைசியில் *ஓபிசி (வேலை முடிந்ததும் குறித்து வை என்கிற கட்டளை). முதல் போர்டுக்கு எஸ்ஆர்க்யூ வருகிறது, சீரியல் போல் (கூப்பிட்டாயா என்று கருவியின் ஸ்டேட்டஸ் பைட்டைக் கேட்பது) செய்தால் 96. இரண்டாவது போர்டில் டைம்அவுட். மீட்டரை ஆஃப் செய்து முதலிலிருந்து ஓட்டினால் மறுபடி ஒரே தடவை. நேற்று நைட் ஷிப்ட் முழுக்க இதிலேயே போயிற்று. கேபிளும் மாற்றிவிட்டேன்.

பதில் 1:
டைம்அவுட்டை 30 செகண்டாகக் கூட்டிப் பாருங்கள்.

பதில் 2 (பழைய டெக்னீஷியன், ஜெலுத்தோங்):
தம்பி, டைம்அவுட்டைத் தொடாதீர்கள், கேபிளிலும் குறை இல்லை. 96 என்பது 64-ம் 32-ம். 64 என்றால் "நான்தான் கூப்பிட்டேன்" என்று மீட்டர் சொல்கிறது. சீரியல் போல் செய்ததும் அது இறங்கிவிடும். 32 இறங்காது. ஈவென்ட் ரெஜிஸ்டரில் (நடந்ததை மீட்டர் குறித்து வைக்கும் இடம்) ஓபிசி பிட் நிற்கிறவரை அதுவும் நிற்கும். *ஈஎஸ்ஆர்? கேட்டு வாசித்தால் அந்த ரெஜிஸ்டர் காலியாகும். நீங்கள் வாசிக்கவே இல்லை. ஏற்கெனவே 1 ஆக நிற்கும் பிட்டை இரண்டாவது *ஓபிசி என்ன செய்யும்? புதிதாக ஒன்றும் மாறாததால் மீட்டர் கூப்பிடவில்லை. 1987-ல் வந்த ஐஇஇஇ 488.2 விதி இது, அதன்படி செய்த மீட்டர் எந்தக் கம்பெனியானாலும் இப்படித்தான்.

சீரியல் போல் செய்த கையோடு *ஈஎஸ்ஆர்? கேளுங்கள். வருகிற எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். 1 என்றால் வேலை முடிந்தது. 33 என்றால் மீட்டருக்குப் புரியாத கட்டளையும் போயிருக்கிறது. (இந்த 32 வேறு, ஸ்டேட்டஸ் பைட்டில் உள்ள 32 வேறு. எனக்கு இது பிடிபடவே ஒரு வாரம் ஆனது.) *ஈஎஸ்ஈ 1-க்குப் பதில் 61 போடுங்கள் (ஓபிசியோடு பிழை பிட்டுகளும் சேர்ந்தது), பிழை வந்தாலும் கூப்பிடும்.

இன்னொன்று. எஸ்ஆர்க்யூ கம்பி எல்லாக் கருவிக்கும் பொது. பவர் சப்ளை இழுத்துப் பிடித்திருந்தால் மீட்டரை மட்டும் கேட்டுப் பயனில்லை. இரண்டையும் சீரியல் போல் செய்யுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. காலையில் 40 போர்டு நிற்காமல் ஓடியது. ஒரு மாடலில் மட்டும் 33 வந்தது. பார்த்தால் ரேஞ்ச் கட்டளையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இத்தனை நாள் அந்த மாடலை எந்த ரேஞ்சில் அளந்தோம் என்று இப்போது பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.