குறைந்த விலை மின்னூல்கள்: எதை நம்பி வாங்குவது?

கேள்வி (ஏற்காடு, நாகலூர்):
புத்தகம் வாங்கச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது என்பதால், மாமியாருக்குப் பழைய நாவல்களையும் மகளுக்குச் சிறுவர் கதைகளையும் மின்னூலாக வாங்க எண்ணுகிறேன். ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் பதிப்புகள் தரமாக இருக்குமா?

பதில் (அஸ்தம்பட்டி):
இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்ததும் பதிப்புரிமை முடிந்துவிடும். கல்கியின் படைப்புகளோ நாட்டுடைமையாக்கப்பட்டவை; அதாவது யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களும் தமிழ் நூல்களை மின்னூலாக்கித் தரும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது, அட்டையை மட்டும் மாற்றி விற்பவருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

பதில் (சூரமங்கலம்):
காசைவிடக் கோப்பின் வகையே முக்கியம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கத்தைக் கைபேசியில் பெரிதாக்கினால், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். வயதானவர்கள் பத்துப் பக்கத்தில் சலித்துவிடுவார்கள். இபப் (EPUB) என்ற மின்னூல் வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடங்கும். விலை கொடுத்து வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களை முதலில் இறக்கிப் பாருங்கள்: கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே நின்றாலோ, வாக்கியத்தின் நடுவே பக்க எண் குறுக்கிட்டாலோ, அது மெய்ப்புப் பார்க்காத பதிப்பு.

பதில் (ஏற்காடு):
மகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் போதும். படங்களுடன் கூடிய தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாக உள்ளன. மழை நாளில் மலையில் சிக்னலை நம்ப முடியாது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.