பக்கத்து வீட்டு அக்காவிடம் இயேசுவைப் பற்றி எப்போது பேசுவது?

கேள்வி:
பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் கால் முறிந்து மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் என் பையனோடு அவர்கள் பிள்ளையையும் பள்ளியில் விடுகிறேன், சாயங்காலம் தூக்குவாளியில் ரசமோ குழம்போ கொடுத்துவிட்டு வருகிறேன். சபையில் ஒரு அண்ணன், "வெறும் சாப்பாடு மட்டும் போதுமா, இயேசுவைப் பற்றி ஒரு கைப்பிரதியும் சேர்த்துக் கொடுங்க" என்கிறார். எனக்கென்னவோ கூச்சமாக இருக்கிறது. தப்பா?

பதில் 1:
தப்பே இல்லை சிஸ்டர். ரசத்தோடு கைப்பிரதி வந்தால் ரசத்துக்கு விலை போட்ட மாதிரி ஆகிவிடும். கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தான் பைபிளில் பேதுருவும் சொல்கிறார், கேட்கட்டும்.

பதில் 2:
வேலூர் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரை நினைத்துப் பாருங்கள். அவர் டாக்டர் ஆவதற்கு முன்பு நடந்தது இது. ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள், ஆண் டாக்டரான அவர் அப்பா வேண்டாம் என்றார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அம்மா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய வேலூர் சிஎம்சி மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இதைவிடப் பெரிய பிரசங்கம் எது?

பதில் 3:
நான் கிறிஸ்தவன் இல்லை. அம்மா படுத்திருந்தபோது எதிர்வீட்டு ஆன்ட்டி, "ஜெபம் பண்ணட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். அம்மா போன பிறகும் காபி பிளாஸ்க்கோடு வந்தார், அதுதான் மனசில் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரி, நாளைக்கு வெறும் புளிக்குழம்புதான்.