கலைச்சொல் விவாதம்: ஸ்விங் பேண்டின் ‘ரிதம் செக்‌ஷ’னை எப்படிச் சொல்வது?

மடல் 1 · கோவை

எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஜாஸும் அதன் ஆட்டப் பாணியான ஸ்விங்கும் வாசிக்க வரும் மெல்லிசைக் குழுக்காரர்களுக்காகத் தமிழில் எழுதிவரும் கையேட்டில் ஒரு சொல்லில் வந்து நிற்கிறோம். டிரம்பெட், சாக்ஸ், டிராம்போன் எல்லாம் கருவிப் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். ‘ரிதம் செக்‌ஷன்’தான் சிக்கல்.

முழு அளவு ஸ்விங் பேண்டில் வழக்கமாக 17 பேர். சாக்ஸ் 5 (ஆல்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1), டிரம்பெட் 4, டிராம்போன் 4. மீதி நால்வர் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். இந்த நால்வருக்குத்தான் பெயர் வேண்டும். உள்ளூரில் ஏழெட்டுப் பேரை வைத்து நடத்தும்போது ஊதுகிறவர்கள்தான் குறைவார்கள். இந்த நாலு இடத்தில் கை வைத்தால் கிட்டாரைத்தான் முதலில் விடுவார்கள், மற்ற மூன்றும் இருந்தே தீரும்.

வரைவில் ‘தாளப் பிரிவு’ என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. நம்ம பக்கத்து ஆர்கெஸ்ட்ராவில் ‘ரிதம்’ என்றாலே தபலா, டோலக், டிரம்ஸ், பேட் வாசிப்பவர்கள்தான். கீபோர்டையும் பேஸையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கையேட்டில் ‘தாளப் பிரிவு’ என்று படித்துவிட்டு மேடை போடுகிறவர் டிரம்ஸைப் பின்னால் ஒரு மூலைக்குத் தள்ளி, கீபோர்டை எதிர்ப்பக்கம் முன்னால் நிறுத்துவார். நடுவில் 8 மீட்டர் இடைவெளி விழும்.

அதனால் என்ன கெடும் என்று கணக்குப் பாருங்க. சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி பிடிக்கும். 8 மீட்டருக்கு 23 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 160 அடி (பீட்) போகும் பாட்டில் ஓர் அடியின் நீளம் 375 மில்லி விநாடி. ஸ்விங்கில் ஓர் அடிக்குள் முதல் சுரம் நீண்டும் அடுத்தது குறுகியும் வரும், அதற்காக அடியை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 125. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தூரமே தின்றுவிடுகிறது. பியானோக்காரர் டிரம்ஸைக் கேட்டு வாசிக்கிறார், அது டிரம்ஸ்காரர் காதுக்குத் திரும்பி வரும்போது இன்னொரு 23 சேர்ந்துவிடும். யாரும் தப்பாக வாசிக்கவில்லை, ஆனால் பாட்டு இழுக்கிறது. மானிட்டர் (வாசிப்பவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) வைத்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி ஒட்டி உட்காருவதற்கு அது ஈடில்லை.

பெயரைப் பார்த்ததும் ‘இவர்கள் நாலு பேரும் ஒரே கூட்டம்’ என்று புரிய வேண்டும். சொல்லுங்க.

மடல் 2 · ஈரோடு

தம்பிக்கு வணக்கம்.

‘தாளம்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாளம் என்பது சுற்று. ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம், முடிந்ததும் சமத்துக்கு, அதாவது தொடக்க அடிக்குத் திரும்பும். ஜாஸில் அப்படித் திரும்பி வரும் சுற்று 12 பார் புளூஸ் (பார் என்பது நாலு அடி கொண்ட ஒரு கட்டம்), அல்லது எட்டு எட்டாக நான்கு பகுதி சேர்ந்த 32 பார். அந்தச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டுவது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை. அதைப் பிடித்து வைத்திருப்பது பியானோவும் பேஸும். நம் கணக்கில் ‘தாளம்’ காட்டுகிற வேலையை அங்கே கொட்டாத கருவிகள் செய்கின்றன. ‘தாளப் பிரிவு’ என்றால் டிரம்ஸ் மட்டும் என்று ஆகிவிடும். ‘லய வாத்தியம்’ என்றாலும் அதே கோளாறுதான், நம் காதில் அது மிருதங்கம், கடம், கஞ்சிரா.

இருக்கிற சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன? ‘பக்கவாத்தியம்’. அதில் வயலினும் உண்டு, மிருதங்கமும் உண்டு. சுரமும் லயமும் ஒரே பெயருக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மடல் 3 · பொள்ளாச்சி

> இருக்கிற சொல்லையே எடுத்துக்கொண்டால் என்ன? ‘பக்கவாத்தியம்’.

ஐயா, பக்கவாத்தியம் பாடகரைத் தொடர்கிறது. வயலின் அவர் பிடித்த பிடியையே நிழல்போலப் பிடிக்கும். இந்த நால்வர் வேலை அதில்லைங்க. சாக்ஸ்காரர் எழுந்து சோலோ வாசிக்கும்போது அவர் அடிக்குப் பின்னால் சாய்ந்து, வேண்டுமென்றே தாமதித்து வாசிப்பார். பின்னால் இருப்பவர்கள் அவரோடு சாய்ந்தால் காலம் (பாட்டின் வேகம்) விழுந்துவிடும். அவர்கள் அசையாமல் இருப்பதால்தான் அவர் சாய்வதே அழகாகக் கேட்கிறது.

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கவுண்ட் பேஸி நடத்திய இசைக்குழுவின் நால்வரை எடுத்துக்கொள்ளுங்க: பியானோவில் பேஸி, கிட்டாரில் ஃபிரெடி கிரீன், பேஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ். 1937இல் சேர்ந்த கிரீன் 1987இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் கிட்டார்காரர். வாசித்தது பெருக்கி இல்லாத கிட்டார். பாருக்கு நாலு அடி, நாலு வீச்சு. ஆறு தந்தியையும் வாரி அடிப்பதில்லை. கார்டில் மூன்று சுரம், பல இடங்களில் ஒரே ஒரு சுரம்தான் தெளிவாகக் கேட்கும். மற்ற தந்திகளை இடது கை தொட்டு அடக்கிவிடும். ஒவ்வொரு வீச்சும் டிரம்ஸின் ஓர் அடிபோல விழும், ஆனால் அதில் சுரம் இருக்கும். இதைத் தாளக் கருவி என்பதா, சுரக் கருவி என்பதா? இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் சிறப்பு.

நம் குழுக்களில் எங்கே கெடுகிறது என்றால், நால்வரும் ஒரே இடத்தில் குவிவதில். கீபோர்டில் ஸ்பிளிட் போட்டு (கட்டைகளை இரண்டாகப் பிரித்து இரு ஒலி வைத்து) இடது கையில் பேஸ் வாசித்தே பழக்கம். பேஸ் கிட்டார் மேடையில் இருக்கும்போதும் அந்தக் கை அடங்காது. இரண்டு பேஸ், இரண்டுக்கும் இம்மி வித்தியாசம், கீழே ஒரே சேறு. ஸ்பிளிட்டை எடுத்துவிட்டு இரு கையையும் நடு ‘சி’யைச் சுற்றியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. கார்டின் மூல சுரத்தை விட்டுவிடலாம், பேஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இருந்தால் கார்டு முழுதாகக் கேட்கும். ‘சி ஏழு’க்கு ‘இ’யும் ‘பி ஃபிளாட்’டும் போதும்.

பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். தரையும் சுவரும் டைல்ஸ் ஒட்டிய கல்யாண மண்டபத்தில் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். பேஸ் ஆம்பை மூலையில் வைக்கவே கூடாது. ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்தால் பாதி சரியாகும். பேஸ், கிக் (டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய டிரம்) தவிர மற்ற எல்லா மைக்கிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். கிக்கை டொம் டொம் என்று மிதிக்காமல், பீட்டர் (மிதியில் உள்ள அடிகோல்) தோலைவிட்டு ஓரிரு அங்குலத்துக்கு மேல் விலகாதபடி வருடினாற்போல் நாலு அடியும் வைத்தால், பேஸ் சுரத்துக்கு ஒரு முனை கிடைக்கும். கிக் தனியாகக் கேட்டால் அதிகம் என்று பொருள்.

இந்த நால்வரும் ஒன்றாகப் பிணைவதைச் சொல்ல ‘பூட்டு’ நன்றாக இருக்கிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். ஒரு நுகத்தில் ஒரே எட்டில் போக வேண்டும். ‘பூட்டணி’?

மடல் 4 · திருப்பூர்

பொள்ளாச்சி அண்ணா சொன்ன ‘பூட்டு’ மனதுக்குப் பிடித்த சொல். நுகமும் கண்முன் வருகிறது. ஆனால் கதவுப் பூட்டுதான் இன்றைக்கு முதலில் தோன்றும். ‘பூட்டணி’ என்று அச்சில் வந்தால் ‘கூட்டணி’யை அச்சுப்பிழையாக்கியது போலிருக்கும். படிக்கிறவர் தானே திருத்திப் படித்துவிடுவார். கலைச்சொல்லுக்கு அது ஆகாது.

பழைய சொல்லையும் பார்த்துவிடலாம் என்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் திறந்தேன். கருவி இசைப்பவர்களுக்குக் ‘குயிலுவ மாக்கள்’ என்று அருமையான பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே கருவிகள் இசைக்கும் முறை வேறு. குழலின் வழி யாழ், யாழின் வழி தண்ணுமை, அதன் பின்வழி முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒன்றைப் பிடித்து ஒன்று போகும் சங்கிலி. நம் நால்வரில் யாரும் யார் பின்னாலும் போவதில்லை, நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே காலத்தைத் தாங்குகிறார்கள். ஆகவே குயிலுவர் என்பது பேண்டு முழுவதற்கும் பொருந்தலாம், இந்த நால்வருக்கு மட்டும் பொருந்தாது.

‘அணி’யை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ‘பிரிவு’ வேண்டவே வேண்டாம். பிரிவு என்றால் அலுவலகத்து வாடை, கூடவே பிரிந்துபோவது என்ற பொருளும். சேர்ந்து உட்காரச் சொல்லும் சொல்லில் பிரிவை வைக்கலாமா? சாக்ஸ் அணி, டிரம்பெட் அணி என்று மற்றவர்களுக்கும் ஒழுங்காக வரும். இனி அணிக்கு முன்னால் என்ன என்பதுதான் கேள்வி.

மடல் 5 · ஈரோடு

பக்கவாத்தியத்தை விட்டுவிடுகிறேன். பொள்ளாச்சிக்காரர் சொன்ன காரணம் சரி. அணிக்கு முன்னால் என்ன என்று திருப்பூர் அம்மா கேட்ட கேள்விக்கு என் விடை ‘நடை’. நடையணி.

நம் லயக் கணக்கில் நடை என்றால் ஓர் அடிக்குள் எத்தனை பங்கு என்பது. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. சுற்று தாளத்தின் வேலை, அடியின் உள்கூறு நடையின் வேலை. ஸ்விங் என்பதே உள்கூறு பற்றியதுதான். ஓர் அடியில் இரண்டு சுரம், முதலாவது நீளம், இரண்டாவது குறுகல். நடுத்தர வேகத்தில் 2:1, அதாவது திஸ்ரத்தில் முதல் இரண்டு பங்கு முதல் சுரத்துக்கு, கடைசிப் பங்கு அடுத்த சுரத்துக்கு. கொன்னக்கோலில் (லயத்தை வாயால் சொல்லும் முறையில்) ‘தகிட’ என்று சொல்லிக்கொண்டே ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் தட்டிப் பாருங்கள், ஸ்விங்கின் ஓசை வந்துவிடும்.

இதோடு நின்றுவிட்டால் தப்பாகிவிடும், கையேட்டில் கட்டாயம் சேர்க்கவும். வேகம் கூடக்கூட இந்த விகிதம் சமனை நோக்கிப் போகும். நிமிடத்துக்கு 300ஐ நெருங்கினால் இரண்டு சுரமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். மெதுவான பாட்டில் 2:1ஐவிடவும் அதிகம் சாயலாம். திஸ்ரம் பழகிய கை எல்லா வேகத்திலும் கணக்காக 2:1 வைக்கும். வேகமான பாட்டில் அது நொண்டியடிப்பதுபோலக் கேட்கும். திஸ்ரம் வழி காட்டும், அளவு காட்டாது. அளவை நால்வரும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பவர்கள் என்பதால் நடையணி.

மடல் 6 · பொள்ளாச்சி

நடையணி நல்லா இருக்குங்க ஐயா. ஒரே ஒரு தடை. பேஸ்காரர் பாருக்கு நாலு சுரம், அடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவதை ‘வாக்கிங் பேஸ்’ என்கிறோம். அதைத் தமிழில் சொன்னாலும் நடை என்றுதானே வரும்? இரண்டும் மோதுமே.

மோதாமல் இருக்க ‘அடிநடை’ என்று வைத்தால் சரியாகும் என்று படுகிறது. அடி என்றால் கீழே, பாதம், தட்டு மூன்றுமே. கீழ் ஸ்தாயியில், அடிக்கு ஒரு சுரமாக, கால் மாற்றி வைப்பதுபோலப் போவது. நடையணியில் பேஸ் செய்யும் வேலை அடிநடை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடுகிறது.

மடல் 7 · கோவை

இரண்டையும் எடுத்துக்கொள்கிறேனுங்க. சுவரொட்டியில் ‘நடையணி’ தனியாக நின்றால் காலையில் நடைப்பயிற்சி போகும் குழு என்று தோன்றலாம். அதனால் முதல் தடவை வரும் இடத்தில் கருவிகளையும் சேர்த்தே எழுதிவிடலாம். பதிவு இப்படிப் போகிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்க:

நடையணி (பெயர்ச்சொல்): ஸ்விங், ஜாஸ் குழுவில் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசிப்போர் சேர்ந்த அணி. பாட்டின் காலத்தையும் அடியின் உள்நடையையும் கார்டுச் சுற்றையும் ஒருசேரத் தாங்குவது. கிட்டார் இல்லாமல் மூவராகவும் அமையும். மேடையில் சேர்த்தே உட்கார வைக்க வேண்டும்: பேஸ் டிரம்ஸின் ஹை-ஹேட் (மிதித்து மூடும் இரட்டைச் சிம்பல்) பக்கம், கிட்டார் பேஸுக்கு முன்னால், பியானோக்காரர் மூவரையும் பார்க்கும்படி.

பியானோக்காரர் சோலோவுக்கு இடையிடையே கார்டு வெட்டிப் போடுவதற்கு (‘கம்ப்பிங்’) இன்னும் சொல் இல்லை. ‘இடைத்தட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் எடுக்கலாம்.