அவசரம்: 20,000 பவர் பேங்க், ரவுட்டர் ரெண்டே மணி நேரத்துல அணையுது

பசுண்டாங் வீடு: கரண்ட் போனாலும் வைஃபை ஓடணும்னு சந்தையில பேர் தெரியாத கம்பெனி பவர் பேங்க் ஒண்ணு வாங்கினேன். 20,000 எம்.ஏ.எச்.னு (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்கிற அளவு) போட்டிருக்கு. ரெண்டு மணி நேரம்கூட தாங்கல. பக்கத்து வீட்டு சியோமியும் 20,000தான், சாயங்காலம் பூரா ஓடுது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு பாதியில அறுந்துபோகுது. ரவுட்டர்ல கோளாறா?

திங்கன்ஜூன் தம்பி: ரவுட்டர் எத்தனை வோல்ட்டுக்கா? என்ன கேபிள்?

மோல்மேன்காரன்: கரண்ட் கம்மியா இழுத்தா பவர் பேங்க் தானா ஆஃப் ஆயிடும். என் இயர்போனுக்கு அப்படித்தான் ஆச்சு. அதேதான் இது.

பழைய ரேடியோ: இயர்போனும் ரவுட்டரும் ஒண்ணா? எத்தனை தடவை எழுதினாலும் படிக்கிறதில்ல. உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட். 20,000ன்னா 74 வாட்-மணி, அதாவது 1 வாட் இழுத்தா 74 மணி நேரம். 12 வோல்ட்டுக்கு ஏத்துறதுல கொஞ்சம் போனாலும் 60 மிஞ்சும். ரவுட்டர் 7 வாட் இழுத்தா எட்டு மணி நேரம் வரணும். எடை என்ன? அதைச் சொல்லாம கேட்டா எப்படிம்மா?

பசுண்டாங் வீடு: 12 வோல்ட், 1 ஆம்பியர். யூஎஸ்பியை 12 ஆக்குற கேபிள். மளிகைக்கடைத் தராசுல வச்சேன், 150 கிராம்.

திங்கன்ஜூன் தம்பி: அப்ப ரவுட்டர் மேல தப்பில்லக்கா. உருளை செல் ஒண்ணே 45 கிராம் இருக்கும், நல்ல செல்லே 3,500 எம்.ஏ.எச். ஒட்டித்தான். 20,000க்கு ஆறு வேணும், செல் மட்டும் 270 கிராம். தட்டை செல்லா இருந்தாலும் 150ல அடங்காது. உங்களுதுல 5,000 இருந்தாலே பெரிசு.

மோல்மேன்காரன்: பேசாம கார் பேட்டரி வாங்கி வைங்க. எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்து அதான்.

பழைய ரேடியோ: பிள்ளை படிக்கிற அறையிலயா? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

மோல்மேன்காரன்: மாடிப்படிக்குக் கீழ, ஜன்னல் திறந்துதான் வச்சிருக்கோம். ஒண்ணும் ஆகல.

பழைய ரேடியோ: தினமும் பாதிக்குக் கீழ இறக்கினா அந்த பேட்டரி எத்தனை நாளைக்கு?

திங்கன்ஜூன் தம்பி: சண்டை வேண்டாம்ணே. அக்கா, பெட்டிக்குப் பின்னாடி பொடி எழுத்துல 'ரேட்டட் கெப்பாசிட்டி' (நிஜமா வெளியே தர்ற அளவு) பாருங்க. பெரிய பிராண்டு 20,000லயும் அது 12,000 பக்கம்தான் இருக்கும். 20,000ங்கிறது உள்ளே இருக்கிற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு, இது வெளியே வர்ற 5 வோல்ட் கணக்கு, ஏமாத்து இல்ல. அந்த வரியே இல்லாத பெட்டியைத் தொடாதீங்க. சின்ன கம்பெனி எல்லாமே மோசம்னும் சொல்லமாட்டேன். என்னோடது யாருக்கும் தெரியாத பேருதான், 340 கிராம், ஒழுங்கா ஓடுது.

பசுண்டாங் வீடு: கடையில மாத்திக் கொடுத்தாங்க. அங்கேயே நிறுத்துப் பார்த்தேன், 355 கிராம். நேத்து ஆறு மணி நேரம் கரண்ட் இல்ல, வகுப்பு முழுசா நடந்தது. நன்றி தம்பி, நன்றிண்ணே.